தோற்கும் அணியின் ஆட்டக்காரர்களைப் பார்ப்பது: நார்த் மெல்போர்னோடு என் ஒன்பது சீசன்கள்

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெல்போர்னின் மார்வெல் ஸ்டேடியத்தில் நானும் ஏழு வயது மகளும் உட்கார்ந்திருந்தோம். ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தின் பெரிய லீக்கான ஏஎஃப்எல்-இல் ஆடும் எங்கள் நார்த் மெல்போர்ன், முந்தைய ஆண்டின் சாம்பியனான காலிங்வுட்டை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தது. சீசன் தொடங்கியதிலிருந்து தோற்றுக்கொண்டே வந்த அணி, ஒரு வாரம் முன்புதான் பெர்த்தில் வெஸ்ட் கோஸ்ட்டை வென்றிருந்தது. அன்றைக்கு மூன்றாம் கால் பகுதியில் நாங்கள் 54 புள்ளி முன்னால் இருந்தோம். ஒரு கோலுக்கு 6 புள்ளி என்றால் ஒன்பது கோல் வித்தியாசம். மகள் நாற்காலியில் உட்காரவே இல்லை, குதித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு புள்ளியில் தோற்றோம். காலிங்வுட்டின் நூறாண்டு தாண்டிய வரலாற்றில் இவ்வளவு பின்தங்கியிருந்து அவர்கள் வென்றதே கிடையாது.

கடைசிப் பத்து நிமிடம் எங்களுக்குப் பின்வரிசையில் ஒருவர், எங்கள் தற்காப்பு வீரர் ஒருவரைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தார். இங்கே எழுத முடியாத வார்த்தைகள். ரயிலில் திரும்பும்போது மகள் கேட்டாள்: "அப்பா, அந்த அண்ணா என்னப்பா தப்பு பண்ணாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டு ஆண்டாக இந்த அணியைப் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கால் பகுதி முழுக்க என் கண் இருந்தது ஸ்கோர்போர்டில். அந்தப் பையன் என்ன செய்தான், எங்கே நின்றான், பந்து அவன் பக்கம் எப்படி வந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனாலும் மனசுக்குள் நானும் அவனைத் திட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து எழுதாத நோட்டு ஒன்றை எடுத்து வைத்தேன். அடுத்த ஆட்டத்திலிருந்து அந்த நோட்டோடுதான் போகிறோம்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2017 பிப்ரவரியில். முதலில் கென்சிங்டனில் ஒரு சின்ன வாடகை வீடு. மூனி பாண்ட்ஸ் ஓடையைத் தாண்டி நடந்தால் ஆர்டன் ஸ்ட்ரீட் மைதானம், நார்த் மெல்போர்னின் வீடு. வேலை லேவர்டன் பக்கம் ஒரு கிடங்கில். அங்கே ஃபோர்மேனாக இருந்த பெரியவர், என் வீடு எங்கே என்று கேட்டார், சொன்னேன். மறுநாள் நீலமும் வெள்ளையுமாக ஒரு கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து கழுத்தில் போட்டுவிட்டார். "அப்போ நீ நம்ம ஆளு" என்று முடித்துவிட்டார். இந்த நகரத்தில் பேர், ஊர் கேட்டதும் அடுத்த கேள்வி எந்த அணி என்பதுதான். பதில் இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அவர் சிறுவயதில் 1975-இல் முதல் கோப்பையை நேரில் பார்த்தவர். ரான் பராஸி பயிற்சியாளராக இருந்த காலம் அது. 1977-இல் இன்னொன்று, பிறகு டெனிஸ் பேகன் காலத்தில் 1996, 1999. மொத்தம் நான்கு. 1869-இல் தொடங்கிய கிளப்புக்கு நான்கு கோப்பை கம்மிதான். ஆனால் இது ஏழைப் பேட்டையின் அணி. தோல் பதனிடும் ஆலைகளும் கசாப்புத் தொழிலாளர்களும் நிறைந்த பகுதியின் அணி. ஷின்போனர்ஸ் என்ற பழைய பட்டப்பெயரும் கசாப்புக்கடை எலும்பிலிருந்து வந்தது என்றுதான் சொல்வார்கள். 2007-இல் அணியைக் கோல்ட் கோஸ்ட்டுக்கே பெயர்த்துக்கொண்டு போக லீக் பணம் தருவதாகச் சொன்னபோது, வேண்டாம் என்று மறுத்து இங்கேயே இருந்துவிட்டார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவன் நான், இந்தக் கதையைக் கேட்டதும் மனசு அங்கேயே ஒட்டிக்கொண்டது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. களத்தில் பக்கத்துக்கு 18 பேர். கிரிக்கெட் ஆடுகிற அதே வட்ட மைதானம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், பக்கத்தில் போனால் ஒரு புள்ளி. பந்தை எறியக்கூடாது, ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தித் தரலாம். 15 மீட்டருக்குக் குறையாமல் வரும் உதையை நேராகப் பிடித்தால் அது மார்க், அவரை யாரும் தொடக்கூடாது, நிதானமாக உதைக்கலாம். பந்து வைத்திருப்பவரைத் தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே பிடித்து நிறுத்தலாம். கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிடி உடனே புரியும்.

நான் வந்ததிலிருந்து 2025 முடிவு வரை எங்கள் ஆண்கள் அணி ஒரு முறைகூட கோப்பைக்கான கடைசிச் சுற்றான ஃபைனல்ஸுக்குப் போகவில்லை. 2020 முதல் 2024 வரை ஐந்து சீசன். 107 ஆட்டம், 15 வெற்றி, ஒரு சமன். 18 அணிகளில் 17, 18, 18, 17, 17 என்ற இடங்கள். 2023-இல் முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்துவிட்டு அடுத்த 20-ஐ வரிசையாகத் தோற்றோம்.

இந்த நிலை ஆட்டக்காரர்களால் மட்டும் வந்தது என்று நான் நினைக்கவில்லை. அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். 2016 சீசனை நார்த் தொடர்ந்து ஒன்பது வெற்றியோடு தொடங்கியது. பிறகு சரிந்து எட்டாவது இடத்தில் முடித்து, அடிலெய்டிடம் எலிமினேஷன் ஃபைனலில் தோற்றது. அந்த ஆகஸ்டிலேயே பிரென்ட் ஹார்வி, ட்ரூ பெட்ரி, நிக் டால் சான்டோ, மைக்கேல் ஃபிரிட்டோ நான்கு பேருக்கும் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹார்வி 432 ஆட்டம் ஆடியவர், அப்போது லீக் சாதனை அது. அப்புறம் 2020 முடிவில் ஒரே வீச்சில் 11 ஆட்டக்காரர்களை அனுப்பினார்கள். மூன்று சீசன் தொடர்ந்து 60 கோலுக்கு மேல் அடித்த பென் பிரவுனும் போனார். அடுத்த ஆண்டே மெல்போர்ன் அணிக்காகக் கோப்பையைத் தூக்கினார், நாங்கள் கடைசி இடத்தில் இருந்தோம். பயிற்சியாளர்களும் நிலைக்கவில்லை. 2019 நடுவில் பிராட் ஸ்காட், 2020 முடிவில் ரைஸ் ஷா, 2022 ஜூலையில் டேவிட் நோபிள் என்று வரிசையாகப் போனார்கள். ஹாத்தார்னுக்கு நான்கு கோப்பை வாங்கித் தந்த அலஸ்டர் கிளார்க்சன் 2023-இல் பொறுப்பேற்றார்.

இதன் விளைவு என்னவென்றால் நடு வயது இல்லாமல் போனது. நல்ல அணி என்றால் 24 முதல் 29 வயதுக்காரர்கள்தான் முதுகெலும்பு. 19 வயதுப் பையன் ஒரு தப்பு செய்தால் அதை மூடி மறைக்கப் பக்கத்தில் 27 வயதுக்காரர் நிற்பார். எங்கள் அணியில் அந்த அண்ணன்மார் இல்லை. தம்பிகள்தான் தம்பிகளைப் பார்த்துக்கொண்டார்கள். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர்கள் எல்லாம் வெளியே போய்விட்டால் சின்னப் பிள்ளைகள் அடுப்பைப் பற்றவைத்துக் கையைச் சுட்டுக்கொள்வது மாதிரிதான் அந்த ஆண்டுகள் இருந்தன.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

ஃபோர்மேனிடம் என் வருத்தத்தைச் சொன்னபோது அவர் இரண்டு காரியம் சொன்னார். ஒன்று, உட்காரும் இடத்தை மாற்று. நாங்கள் எப்போதும் பக்கவாட்டில், தரைக்குப் பக்கத்தில் உட்காருவோம். அங்கே பந்து பெரிதாகத் தெரியும், ஆள் பெரிதாகத் தெரிவார், ஆனால் ஆட்டம் தெரியாது. கோல் கம்பத்துக்குப் பின்னால், மேல் அடுக்கில் போய் உட்காரச் சொன்னார். இரண்டாவது, ஒரு கால் பகுதிக்கு ஒரே ஒரு ஆட்டக்காரர். பந்து எங்கே போனாலும் கண் அவரை விட்டு நகரக்கூடாது.

முதல் தடவை செய்யும்போது ரொம்பக் கஷ்டம். கூட்டம் கத்தும்போது கண் தானாகப் பந்துக்குப் போகும். மகள் என்னைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டாள். நோட்டில் நான்கு பத்தி போட்டோம்: துரத்தல், பிடி, மறிப்பு, மறுமுயற்சி. மறிப்பு என்றால் எதிராளி உதைக்கும்போது பாய்ந்து கையாலோ உடம்பாலோ பந்தை அடைப்பது. மறுமுயற்சி என்றால் விழுந்தவன் உடனே எழுந்து அடுத்த வேலையைப் பார்ப்பது. பந்து கையில் இல்லாதபோது செய்கிற நான்கு வேலை. வேண்டுமென்றே உதை எண்ணிக்கையையும் கையால் குத்தித் தரும் எண்ணிக்கையையும் விட்டுவிட்டோம், அதை மறுநாள் எந்தப் பத்திரிகையிலும் பார்க்கலாம்.

மேலிருந்து பார்த்தபோது எனக்கு முதலில் விளங்கியது தற்காப்பு வீரர்களின் நிலைமை. இந்த ஆட்டத்தில் பெரும்பாலான கோல்கள் எதிரணி பந்தைப் பறித்துத் திரும்பும்போதுதான் விழுகின்றன. நம் ஆள் ஒருவர் அரைப் பின்களத்திலிருந்து மைதானத்தின் நடுவே ஒரு உதை உதைக்கிறார். அந்த உதைக்கு ஏற்ப எல்லோரும் முன்னால் ஓடத் தொடங்குகிறார்கள். உதை சரியாகப் போகவில்லை, எதிராளி பிடித்துவிடுகிறார். இப்போது பின்னால் 80 மீட்டர் காலி. அங்கே தனியாக நிற்கிற ஒரே ஒரு தற்காப்பு வீரரை நோக்கி மூன்று பேர் ஓடி வருகிறார்கள். கோல் விழுகிறது. கேமராவில் அவர் முகம்தான் வரும். திட்டும் அவருக்குத்தான். உதைத்தவர் 100 மீட்டர் தள்ளி இருக்கிறார், அவரை யாரும் பார்ப்பதில்லை.

காலிங்வுட் ஆட்டத்தின் பதிவை இணையத்தில் தேடி, மகளோடு உட்கார்ந்து அந்தக் கடைசிக் கால் பகுதியை மறுபடி பார்த்தேன். பின்வரிசைக்காரர் திட்டிய அந்தப் பையனை மட்டும் பின்தொடர்ந்தோம். அவன் பக்கம் பந்து வந்தபோதெல்லாம் அதற்கு முன்னால் நடுக்களத்தில் பந்தை விட்டிருந்தோம். மகள் டிவியை நிறுத்தச் சொல்லி விரலால் எண்ணினாள். "அப்பா, அவங்க மூணு பேரு. இவரு ஒருத்தரு." அவள் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள்.

சார்லி கோம்பென் பற்றி என் அபிப்பிராயம் மாறியதும் இப்படித்தான். முன்களத்துக்கு என்று எடுத்த நெட்டையான பையன், காயத்தில் நிறையக் காலம் போனது. 2024-இல் பின்களத்துக்கு மாற்றினார்கள். தொலைக்காட்சியில் அவர் கோல் விட்ட காட்சிகள்தான் எனக்கு நினைவிருந்தன. மேலடுக்கிலிருந்து பார்த்தால், தன் ஆளை விட்டுவிட்டு, பந்து இறங்கும் இடத்தை முன்கூட்டிக் கணித்து ஓடிவந்து முஷ்டியால் தட்டிவிடுவது தெரியும். இதெல்லாம் தப்பாகும்போது மட்டும்தான் கண்ணில் படுகிற வேலை.

நிக் லார்க்கியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2016-இல் 73-ஆவதாக எடுத்த ஆள். 2023-இல் மூன்றே ஆட்டம் ஜெயித்த அணியில் 71 கோல் அடித்து, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம் பிடித்தார். இதன் கனம் புரிய, முழு முன்கள வீரருக்குப் பந்து எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல அணியின் முன்கள வீரருக்கு ஆட்டத்துக்கு ஐம்பது அறுபது தடவை பந்து அவர் பக்கம் வரும், அதுவும் குறி வைத்து வரும். லார்க்கிக்கு அதைவிடக் கம்மி, வருவதும் அவசரத்தில் தூக்கிப்போட்ட பந்து. இரண்டு பேர் அவர் மேல் தொங்குவார்கள். ஒரு கால் பகுதி முழுக்க அவரை மட்டும் பார்த்தேன். பந்து மறுமுனையில் இருக்கும்போதும் அவர் சும்மா நிற்கவில்லை. நாலு அடி பக்கவாட்டில், திரும்பி ஆறு அடி பின்னால் என்று தன்னைக் காவல் காப்பவரை நகர்த்திக்கொண்டே இருந்தார். பந்து வரவே இல்லை. மறுபடி அதே ஓட்டம். அன்றைக்கு அந்தக் கால் பகுதியில் அவருக்குப் பந்து கிடைத்தது ஒரே ஒரு தடவை. எங்கள் நோட்டில் அவர் பக்கம் நிறைந்திருந்தது.

டிரிஸ்டன் ஸெர்ரி என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானவர். ரக் என்ற இடத்துக்காரர், நடுவர் பந்தை எழுப்பும்போது எகிறித் தட்டிவிடும் நெட்டை ஆள். 2017 டிராஃப்டில் 72-ஆவது தேர்வு. வந்தபோது அந்த இடத்தில் டாட் கோல்ட்ஸ்டீன், நாட்டின் மிகச் சிறந்த ரக் ஆட்டக்காரர்களில் ஒருவர். அவருக்குப் பின்னால் ஸெர்ரி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். பாதி நாள் இரண்டாம் நிலை விஎஃப்எல் அணியில். 2023 முடிவில் கோல்ட்ஸ்டீன் எஸ்ஸெண்டனுக்குப் போனார். 2024-இல் இடம் கிடைத்ததும் லீக்கே திரும்பிப் பார்க்கும்படி ஆடினார். அவரிடம் எனக்குப் பிடித்தது தட்டிவிட்ட பிறகு நடப்பது. பெரும்பாலான ரக் ஆட்டக்காரர்கள் தட்டிவிட்டு மூச்சு வாங்குவார்கள். இவர் தரையில் கால் பட்டதும் பந்து வைத்திருப்பவனைப் போய்ப் பிடிக்கிறார். இரண்டு மீட்டர் உயரத்து ஆள் குனிந்து இடுப்புப் பிடி போடுவதைப் பார்க்க எங்கள் ஊர்க் கபடித் திடல் ஞாபகம் வந்தது. இது எல்லையைத் தாண்டும்போது தடையும் வாங்குகிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆதரவாளர்களுக்குள் பெரிய வாக்குவாதம் ஹாரி ஷீஸலைப் பற்றித்தான். 2022 டிராஃப்டில் மூன்றாவது தேர்வு. முதல் ஆட்டத்திலேயே 34 தடவை பந்தைக் கையாண்டார். அந்த ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும், கிளப்பின் சிறந்த ஆட்டக்காரருக்கான சிட் பார்க்கர் பதக்கமும் முதல் சீசனிலேயே அவருக்கு. ஆனால் அவர் அப்போது அரைப் பின்களத்தில் ஆடியதால், "சும்மா பக்கத்து ஆளுக்குத் தட்டித் தட்டி எண்ணிக்கை ஏத்துறான்" என்றார்கள். ஒரு கால் பகுதி அவரைப் பார்த்துவிட்டு நான் சொல்வது: அந்த எண்ணிக்கைக்குக் காரணம் மற்றவர்கள் பதற்றத்தில் அவரைத் தேடியதுதான். கூட்டத்தில் சிக்கிய ஒவ்வொருவனும் தலையைத் தூக்கி முதலில் தேடுவது மூன்றாம் எண் பனியனை. 18 வயதுப் பையனை அண்ணன்மார் தேடுகிறார்கள். அந்த நிதானம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஆனால் விமர்சகர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அவர் பின்னால் பந்து தொடுவதைவிட முன்னால் தொட்டால்தான் எதிரணிக்கு வலிக்கும். பிறகு நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் அவரை மாற்றியது சரியான முடிவு. என் மகளின் பனியனிலும் எண் மூன்றுதான்.

அதே டிராஃப்டில் அடுத்த தேர்வாக வந்த ஜார்ஜ் வார்ட்லா வேறு ரகம். பந்துக்குள் தலையை விட்டுவிடுகிற பையன். தொடைத் தசைக் காயம் அவரைத் திரும்பத் திரும்ப உட்கார வைத்தது. அவர் ஆடாத வாரங்களில் சிலர் அவரைக் கண்ணாடிப் பொம்மை என்பார்கள், எனக்கு அது பொறுக்காது. லூக் டேவிஸ்-யூனியாக், 2017-இல் நான்காவதாக வந்தவர், கூட்டத்திலிருந்து வெடித்து வெளியே வரும் வேகத்துக்கு இந்த லீக்கில் ஜோடி குறைவு. 2024-இன் சிட் பார்க்கர் பதக்கம் அவருக்கு. ஏதாவது ஒரு வெற்றிகரமான கிளப்பில் இருந்திருந்தால் அவர் பேர் வீட்டுக்கு வீடு தெரிந்திருக்கும். இருந்தும் தோற்ற ஆட்டங்களில் நாலாவது கால் பகுதியில் அவர் துரத்துவது குறைகிறது என்று எங்கள் நோட்டு சொல்கிறது. பிடித்த ஆட்டக்காரர் என்பதற்காக அதை அழிக்க முடியாது.

இனி, நான் செய்த தப்பு ஒன்று. 2022-இல், இரண்டே ஆட்டம் ஜெயித்த அந்த ஆண்டில், ஒரு நாள் நானே கத்தினேன். எளிதான மார்க்கை நழுவவிட்ட இளம் ஆட்டக்காரர் ஒருவரைப் பேர் சொல்லி, "வீட்டுக்குப் போ" என்று. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் சொன்னார், அவர் அந்தப் பையனின் சித்தி, வேறு மாநிலத்திலிருந்து அவன் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர். எழுந்து போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். அவர் கையில் வீட்டில் செய்த பிஸ்கட் டப்பா இருந்தது, ஆட்டம் முடிந்ததும் அவனுக்குக் கொடுக்க வைத்திருந்தார். அந்த டப்பாவை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மைதானத்தில் உங்கள் அணிப் பகுதியில் உட்காரும்போது, சுற்றி இருப்பவர்களில் பாதிப் பேர் யாரோ ஒருவரின் வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் இதை ஃபோர்மேனிடம் சொன்னபோது, இது அவருக்கும் ஒரு தடவை நடந்திருக்கிறது என்றார்.

ஜேசன் ஹோர்ன்-ஃபிரான்சிஸ் விஷயத்திலும் நான் நிறையப் பேரோடு ஒத்துப்போவதில்லை. 2021 டிராஃப்டின் முதல் தேர்வு அவர். ஒரே சீசன் ஆடிவிட்டுத் தன் சொந்த ஊர்ப் பக்கமான போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் பந்தைத் தொட்டாலே எங்கள் ஆட்கள் ஊளையிடுவார்கள். போன விதம் எனக்கும் வருத்தம்தான். ஆனால் 18 வயதில் வீட்டை விட்டு வந்து, வாராவாரம் தோற்கிற அணியில், பயிற்சியாளர் நடுவிலேயே போய்விட்ட ஆண்டில் ஆடிய பையன் அவன். நான் 29 வயதில் கல்யாணம் ஆகி வந்தவன், எனக்கே முதல் குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றாத இரவு கிடையாது. நான் ஊளையிடுவதில்லை.

2023-இன் கடைசி ஆட்டத்தைப் பற்றி ஃபோர்மேனும் நானும் சண்டையே போட்டோம். 20 தோல்விக்குப் பிறகு ஹோபார்ட்டில் கோல்ட் கோஸ்ட்டோடு ஆட்டம். தோற்றால் கடைசி இடம், கடைசி இடத்துக்கு டிராஃப்டின் முதல் தேர்வு. அந்த ஆண்டின் முதல் தேர்வு ஹார்லி ரீட், பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே நாடு முழுக்கப் பேசப்பட்ட பையன். நம் ஆட்கள் தோற்றால் நல்லது என்று ஃபோர்மேனே சொன்னார். ஜெயித்தோம். ரீட் வெஸ்ட் கோஸ்ட்டுக்குப் போனார். எங்களுக்குக் கோல்பி மெக்கெர்ச்சரும் ஸேன் டூர்ஸ்மாவும் வந்தார்கள். நான் அந்த ஆட்டத்தை வீட்டில் பார்த்தேன். ஐந்து மாதமாகப் பாடாத வெற்றிப் பாட்டை அறைக்குள் வட்டமாக நின்று அவர்கள் பாடியபோது, வரி மறந்துபோயிருக்குமோ என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அந்த ஒரு நாளுக்குப் பதிலாக எந்தத் தேர்வையும் நான் கேட்கமாட்டேன். ஃபோர்மேன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

2024 முடிவில் கிளப் கடைசியாகப் பெரியவர்களைக் கூட்டிவந்தது. சிட்னியிலிருந்து லூக் பார்க்கர், வெஸ்டர்ன் புல்டாக்ஸிலிருந்து கேலெப் டேனியல், வெஸ்ட் கோஸ்ட்டிலிருந்து ஜாக் டார்லிங். வயசான ஆட்களை ஏன் எடுக்கிறார்கள் என்று நிறையப் பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது தாமதமாகச் செய்த சரியான காரியம். 168 சென்டிமீட்டர் உயரம், தலையில் கவசம், டேனியலைப் பார்த்தால் பையன் மாதிரி இருப்பார். மேலடுக்கிலிருந்து அவரைப் பாருங்கள். பந்து எங்கோ இருக்கும், இவர் ஒரு கையை நீட்டி இளம் தற்காப்பு வீரரை இரண்டு அடி இடதுபக்கம் நகர்த்திக்கொண்டிருப்பார். எங்கள் நோட்டில் இதற்குப் பத்தி இல்லை, மகள் ஓரத்தில் கை படம் ஒன்று வரைந்து கோடு போட ஆரம்பித்தாள். 2025-இல் ஐந்து வெற்றி, ஒரு சமன், 16-ஆவது இடம். அந்தச் சமன், அந்த ஆண்டுக் கோப்பையையே வென்ற பிரிஸ்பேனோடு. போதாதுதான். ஆனாலும் 2025 டிராஃப்டுக்கான முதல் சுற்றுத் தேர்வை 2024-லேயே ரிச்மண்ட் அணிக்கு விட்டுக்கொடுத்த முடிவு எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. 16-ஆவது இடத்தில் முடிக்கிற அணிக்கு அந்தத் தேர்வு ரொம்பப் பெரிய சொத்து.

குழந்தையோடு இந்த மாதிரி அணியைப் பார்ப்பவர்களுக்கு நாங்கள் பழகிக்கொண்ட சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இடைவேளையில் போனை எடுப்பதில்லை, அங்கே இருக்கும் கோபம் நம் பையில் ஏறிக்கொள்ளும். மூன்றாம் கால் முடிந்ததும் கிளம்புவதில்லை, 60 புள்ளி பின்னால் இருந்தாலும் சரி. நாலாவது கால்தான் நோட்டுக்கு நல்ல விளைச்சல், அப்போதும் யார் ஓடுகிறார் என்று அங்கேதான் தெரியும். ஆர்டன் ஸ்ட்ரீட்டில் விஎஃப்எல் ஆட்டம் இருந்தால் கட்டாயம் போங்கள். வேலிக்குப் பக்கத்தில் நிற்கலாம், ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்வது காதில் விழும், ஸெர்ரி போல யார் அங்கே காத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். தயிர்சாத டப்பாவும் ஒரு கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே மைதானத்தில் 2010 முதல் நடக்கிற ஹடில் என்ற திட்டத்தில் அகதி, குடியேறிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியும் கிடைக்கிறது. பல பேருக்கு இது தெரியாது.

பெண்கள் அணியையும் பாருங்கள். அதே கிளப், அதே நீல வெள்ளைப் பட்டை. 2024 நவம்பர் 30, இறுதி ஆட்டத்தில் பிரிஸ்பேனை வென்று, சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையை எடுத்தார்கள். ஜாஸ்மின் கார்னர் அக்காவின் பக்கத்தில் மறுமுயற்சிப் பத்தி நிறைந்து வழிந்து, மகள் பின்பக்கம் திருப்பி எழுத வேண்டி வந்தது. ஃபோர்மேன் அன்றைக்கு இரவு போன் செய்தார். நாலு கோப்பைக்குப் பிறகு ஐந்தாவதைப் பார்த்துவிட்டேன் என்றார். குரல் உடைந்திருந்தது.

முதல் நோட்டு தீர்ந்துபோய் இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது. அட்டையில் மகள் நீல வெள்ளைக் கோடு போட்டு, உள்பக்கம் காலிங்வுட் ஆட்டத்தின் தேதியை எழுதி, அந்தத் தற்காப்பு அண்ணாவின் பேருக்கு நேரே "3 பேர், 1 ஆள்" என்று எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த சீசனுக்கான உறுப்பினர் அட்டை போன வாரம் தபாலில் வந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால், மேலடுக்கு, இரண்டு இருக்கை.